மிச்சத் துணியில் வீட்டு அலங்காரம்: முதல்முறை செய்பவருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒரு பை நிறைய வெட்டுத் துணி சேர்ந்துவிட்டது. பழைய படுக்கை விரிப்பும் சட்டையும் வேறு கிடக்கின்றன. தூக்கிப் போட மனமில்லை. குஷன் உறையோ மிதியடியோ செய்து பார்க்கலாமே என்று தோன்றுகிறது. தேடினால் அரை நிமிட வீடியோக்கள் வரிசை கட்டி வரும். வெட்டு, ஒட்டு, முடிந்தது. துணி எந்த ரகம், கழுவினால் என்ன ஆகும், மொத்தம் எவ்வளவு துணி பிடிக்கும் என்பதெல்லாம் அவற்றில் இருக்காது. அதையெல்லாம் தட்டுத் தடுமாறித்தான் நான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அந்த அலைச்சல் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு சோதனை. செய்யப்போகும் பொருளைக் கழுவ முடியுமா? பிடிக்காமல் போனால் பிரித்து வேறொன்றாக்க முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் செய்யுங்கள். சூடான பசை போட்டு அட்டையில் ஒட்டிய துணிப்பூவைக் கழுவவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. தூசி ஏறியதும் அது குப்பைக்குத்தான் போகும், கூடவே பசையும் அட்டையும். அதற்குத் துணியை அப்படியே போட்டிருக்கலாம்.

நேரக் கணக்கு: முதல் குஷன் உறைக்கு ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள். அதில் பாதிக்கு மேல் தையலே இருக்காது. பிரிப்பது, அலசுவது, காயவைப்பது, தேய்ப்பது என்றே போய்விடும். அவசரப்பட்டு அதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் ஒரு மாதம் கழித்துச் சாயம் கலந்த உறையோடு நிற்கிறார்கள்.

1. பையைத் திறக்கும் முன் வீட்டை ஒரு சுற்று பாருங்கள்

துணியை எதிரில் கொட்டிவைத்து "இதில் என்ன செய்யலாம்" என்று யோசித்தால் யாருக்கும் வேண்டாத பொருள்தான் வரும். முதலில் வீட்டுக்கு என்ன தேவை என்று பாருங்கள். உறை நைந்துபோன குஷன், மிதியடி இல்லாத குளியலறை வாசல், வெறிச்சென்று கிடக்கும் ஒரு சுவர். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள்.

கையில் துணி போதாது என்றால் கடைக்குப் போகாமல் தையல்காரரிடம் கேளுங்கள். குப்பை கட்டும் நேரம் பார்த்துப் போனால் வெட்டுத் துணி தருவார். ஆனால் "உள்ளங்கைக்குப் பெரிய துண்டு மட்டும் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நூல் பிசிறும் லைனிங் ஓரமுமாக ஒரு மூட்டையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். மறுக்கவும் முடியாது.

2. துணியைப் பிரியுங்கள்

இதில்தான் முழு வேலையின் தலையெழுத்து இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பிரிவு: நெசவா, பின்னலாடைத் துணியா? சட்டை, படுக்கை விரிப்பு, திரைச்சீலை, ஜீன்ஸ் எல்லாம் நெசவு. டீ-ஷர்ட், ஸ்வெட்டர், லெக்கிங்ஸ் பின்னல். சந்தேகமாக இருந்தால் அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள். நன்றாக நீண்டு திரும்பினால் அநேகமாகப் பின்னல். இரண்டையும் ஒரே குஷன் உறையில் கலந்து தைக்காதீர்கள். பின்னல் நீளும், நெசவு நீளாது; சேரும் இடமெல்லாம் சுருக்கம் விழும்.

அடுத்து கனம். ஜீன்ஸ் ஒரு குவியல், சட்டைத் துணி ஒரு குவியல், ஜார்ஜெட் மாதிரி வழுக்கும் துணி ஒரு குவியல். பக்கத்துப் பக்கத்தில் தைக்கும் துண்டுகள் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்க வேண்டும். மெல்லிய துணிக்குப் பக்கத்தில் ஜீன்ஸ் வந்தால், தையல் ஓரத்தில் மெல்லியதுதான் முதலில் கிழியும்.

மூன்றாவது, நார். பழைய உடுப்பில் சலவைச் சீட்டு இருந்தால் வேலை சுலபம். வெட்டுத் துண்டில் அது இருக்காது. அப்போது எரித்துப் பார்ப்பதுதான் வழி. உலோகத் தட்டு, இடுக்கி, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர், திறந்த ஜன்னல் இவை கட்டாயம். குழந்தைகள் அருகில் வேண்டாம். துணியின் ஓரத்திலிருந்து சில நூல்களை உருவி, முறுக்கி, இடுக்கியில் பிடித்துத் தீயருகே கொண்டுபோங்கள்.

பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் மென்சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும். தீயை விலக்கினால் தானே அணைந்துவிடும். மிஞ்சும் கரிய உருண்டை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி உருகும். ஆறியபின் கெட்டியான மணி போல நிற்கும், நசுங்காது. உருகும்போது தொட்டால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால் ஆறும்வரை கையே வைக்காதீர்கள். காகித வாசமும் வந்து கெட்டி மணியும் மிஞ்சினால் கலப்புத் துணி.

ரேயான் மட்டும் ஏமாற்றும். எரியும்போது பருத்தி மாதிரியேதான் இருக்கும். ஒரு நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள். ரேயான் நனைந்தால் வலுவிழந்து பட்டென்று அறும். பருத்தி நனைந்தாலும் தாங்கும். அடிக்கடி நனையும் மிதியடிக்கு ரேயான் ஆகாது என்பதற்கும் இதுதான் காரணம்.

எதை எங்கே போடுவது? கை துடைக்க, கால் துடைக்க என்றால் பருத்திதான். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, வழித்துவிடும். ஆனால் சுவர்த் தொங்கலுக்கும் அதிகம் கசங்கக் கூடாத உறைக்கும் பாலியஸ்டர் நன்றாகவே இருக்கும். பட்டுத் துண்டைக் கை படாத, வெயில் படாத இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் விலகி வலைபோல் தெரிகிற இடம் தேய்ந்த இடம். படுக்கை விரிப்பில் நடுப்பகுதி, சட்டையில் காலரும் முழங்கையும் அப்படி இருக்கும். அதை வெட்டி ஒதுக்கிவிடுங்கள். 9-ஆம் படியில் அதற்கு வேலை இருக்கிறது.

3. கழுவாத துணியில் கத்தரி வைக்காதீர்கள்

புதுப் பருத்தித் துணி முதல் அலசலில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்குவது சகஜம். 40 செ.மீ. உறையில் 5 பங்கு என்றால் 2 செ.மீ. போய்விடும். பல முறை கழுவிய பழைய விரிப்போடு கழுவாத புதுத் துண்டைச் சேர்த்துத் தைத்தால், முதல் சலவையிலேயே ஒன்று சுருங்கி மற்றது உப்பி நிற்கும். அதனால் எல்லாவற்றையும் முதலில் அலசிவிடுங்கள். பின்னால் உறையை எந்தச் சூட்டில் கழுவப்போகிறீர்களோ அதே சூட்டில் இப்போதும் கழுவுங்கள்.

சிறிய துண்டுகளை இயந்திரத்தில் தனியாகப் போட்டால் நூல் நூலாகப் பிரிந்து ஒன்றோடொன்று முடிச்சு விழுந்து வெளியே வரும். ஒவ்வொரு துண்டின் நான்கு மூலையையும் இம்மியளவு நறுக்கிவிட்டு, ஒரு பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டி அலசுங்கள். பிசிறு வெகுவாகக் குறையும். உள்ளங்கையளவு துண்டுகளைக் கையாலேயே அலசிவிடலாம்.

சாயம் போகுமா என்று பார்க்க, துணியின் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணியை மேலே வைத்து அழுத்தித் தேயுங்கள். அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் கட்டாயம் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் தனியாக மறுபடி அலசிப் பாருங்கள். அப்போதும் போனால் அதை வெளிர்நிறத் துணியோடு சேர்க்க வேண்டாம். உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். பருத்தியில் ஏற்கெனவே ஏறிய சாயத்தை அவை பிடித்து வைப்பதில்லை.

முழுக்கக் காய்ந்த பிறகு இஸ்திரி. சலவைச் சீட்டில் இஸ்திரிப் பெட்டி படத்துக்குள் புள்ளிகள் இருக்கும்: ஒரு புள்ளி 110 டிகிரி செல்சியஸ் வரை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. பருத்தி மூன்று புள்ளி தாங்கும். கலப்பாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் ஒரு புள்ளியில் ஆரம்பியுங்கள்.

4. சீட்டும் நோட்டும்

இதைப் பலரும் அலட்சியம் செய்வார்கள். ஆறு மாதம் கழித்து உறையைக் கழுவப் போகும்போதுதான் அருமை தெரியும்.

பழைய உடுப்பை வெட்டும்போது அதன் சலவைச் சீட்டைத் தூக்கி எறியாமல், அந்தத் துணியிலேயே குண்டூசியால் குத்தி வையுங்கள். சீட்டில் உள்ள தண்ணீர்த் தொட்டிப் படத்துக்குள் எண் இருந்தால் அது அதிகபட்ச சலவைச் சூடு. முக்கோணத்தில் குறுக்குக் கோடு இருந்தால் ப்ளீச் கூடாது. தொட்டியிலேயே குறுக்குக் கோடு என்றால் தண்ணீர்ச் சலவையே கூடாது. தண்ணீர்ச் சலவை கூடாத துணியை மிதியடிக்கும் குஷனுக்கும் எடுக்காதீர்கள்.

ஒரு பழைய நோட்டில் ஒவ்வொரு துணிக்கும் ஒரு வரி: தீப்பெட்டியளவு மாதிரித் துண்டு, நார் என்ன, சாயம் போகிறதா, எவ்வளவு இருக்கிறது. பக்கத்திலேயே குஷன், நாற்காலி, ஜன்னல் அளவுகள். தையல்காரரிடம் கொடுத்துத் தைப்பதாக இருந்தால் அதே அளவுகளைத் தனிச் சீட்டில் எழுதி, துணியோடு குத்திக் கொடுங்கள். "தைத்த பிறகு இந்த அளவு" என்றா, "வெட்டிய அளவு இது" என்றா என்பதையும் எழுத வேண்டும். வாய்ச்சொல்லில் விட்டால் இந்த இரண்டும் மாறிப்போய்த்தான் குஷன் உறைக்குள் ஏறாமல் நிற்கும்.

5. கருவியும் செலவும்

கட்டாயம் வேண்டியவை: துணிக்கு மட்டுமே பயன்படுத்தும் ஒரு கத்தரி, ஊசிகள், குண்டூசி, இஞ்ச் டேப், சாக், தையல் பிரிக்கும் கருவி, நடுத்தர நிறத்தில் நூல். சாம்பல் நிற நூல் பெரும்பாலான வண்ணத் துணிகளோடு ஒத்துப்போகும், அதனால் துணிக்கு ஒரு நூல்கண்டு என்று வாங்க வேண்டாம். காகிதம் வெட்டிய கத்தரி துணியைக் கடித்து இழுக்கும். வீட்டில் உள்ளவர்களிடம் இதை இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

தையல் இயந்திரம் வேண்டுமா? முதல் இரண்டு பொருளுக்கு வேண்டாம். கையால் தைக்கலாம், அல்லது கடன் வாங்கலாம். இன்னொரு வழி: வெட்டி, குண்டூசி குத்தித் தயாராக வைத்துவிட்டுத் தையல் கூலி மட்டும் கொடுத்துத் தைத்து வாங்குவது. கூலியைத் துண்டுக் கணக்கில் பேசாமல் முழு உறைக்குப் பேசிக்கொள்ளுங்கள். பதினாறு துண்டு இணைப்பது என்று தெரிந்தால் எந்தத் தையல்காரரும் முகம் சுளிப்பார், நியாயம்தான். முன்பக்கத்தை நீங்களே கையால் இணைத்துவிட்டு, சுற்றுத் தையலுக்கு மட்டும் கொடுத்தால் இருவருக்கும் நல்லது.

இயந்திரம் இருந்தால்: சட்டைத் துணிக்கு 80 எண் ஊசி, ஜீன்ஸுக்கு 100. தையல் நீளம் 2.5 மி.மீ. ஊசி முனை மழுங்கினால் துணியில் டக் டக்கென்று சத்தம் வரும், நூல் தாவும், உடனே மாற்றுங்கள்.

காசு கசியும் இடங்கள் வேறு: "இதற்குப் பொருத்தமாக" என்று வாங்கும் புதுத் துணி, ஒட்டும் தாள், அலங்கார லேஸ், புதுக் குஷன் பஞ்சு. மிச்சத் துணியை மிச்சப்படுத்தப் போய்ப் புதுச் சாமான் ஒரு கூடை வாங்குவது நிறைய வீடுகளில் நடக்கிறது. என் கணக்கு எளிது: பட்டியலில் நூலுக்கும் ஊசிக்கும் மேல் ஏதாவது ஏறினால், வடிவத்தை மாற்றிவிடுங்கள்.

6. முதல் பொருள்: ஜிப் இல்லாத குஷன் உறை

முதலில் இதையே செய்யுங்கள். எல்லாம் நேர்த்தையல், ஜிப்பும் இல்லை, பட்டனும் இல்லை. பின்பக்கம் இரண்டு துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும், அதன் வழியாகக் குஷனை நுழைக்கலாம், கழற்றிக் கழுவலாம். 40 செ.மீ. சதுரக் குஷனுக்குக் கணக்கு சொல்கிறேன். சுற்றிலும் தையலுக்கு 1 செ.மீ. விடுகிறோம்.

முன்பக்கம்: 42 × 42 செ.மீ. பின்பக்கம்: 42 × 29 செ.மீ. அளவில் இரண்டு.

பின்பக்கக் கணக்கு எப்படி வந்தது? நடுவில் 10 செ.மீ. ஏறி நிற்க வேண்டும். 40-உம் 10-உம் 50. அதில் பாதி 25. ஓரத் தையலுக்கு 1, மடித்துத் தைக்க 3. மொத்தம் 29. உங்கள் குஷன் வேறு அளவென்றால் 40-ஐ மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஏறி நிற்கும் அளவை 10-க்குக் கீழே குறைக்க வேண்டாம், குஷன் வாய் பிளந்து தெரியும். உறை கொழுகொழுவென்று நிற்க வேண்டுமென்றால் 40-க்குப் பதில் 38 என்று வைத்துக் கணக்கிட்டு வெட்டலாம்.

துண்டுகளை இணைத்து முன்பக்கம் செய்வதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். 42-ஐ நான்கால் வகுத்து பத்தரை செ.மீ. சதுரங்களாக வெட்டினால், தைத்து முடிக்கும்போது 36 செ.மீ.தான் மிஞ்சும். ஒவ்வொரு இணைப்பும் இரண்டு பக்கமும் 1 செ.மீ. தின்னும், நான்கு துண்டில் மூன்று இணைப்பு, 6 செ.மீ. காலி. ஆகவே சதுரம் 12 செ.மீ. இருக்க வேண்டும். நான்கு பன்னிரண்டு 48, அதில் 6 போனால் 42. அப்படிப் பதினாறு சதுரம். ஒரே துணியில் வெட்டுவதைவிட இதற்குச் சுமார் 30 சதவீதம் கூடுதல் துணி பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

வெட்டும்போது நூலோட்டம் பாருங்கள். துணியை மூன்று திசையில் இழுத்தால் தெரியும்: பாவு (நீளவாக்கு நூல்) வாக்கில் அசையவே அசையாது, ஊடை (குறுக்கு நூல்) வாக்கில் கொஞ்சம் கொடுக்கும், கிராஸாக, அதாவது மூலைக்கு மூலை இழுத்தால் நன்றாக நீளும். சதுரத்தின் ஓரங்கள் பாவு, ஊடை வாக்கில் இருக்க வேண்டும். துண்டு வீணாகிறதே என்று ஒன்றிரண்டைக் கிராஸாக வெட்டினால் அவை மட்டும் இழுபட்டு மூலை சேராது.

இணைக்கும் வரிசை: நான்கு நான்காகச் சேர்த்து நான்கு வரிசை. ஒவ்வொரு தையலையும் தைத்த உடனே தேய்க்க வேண்டும். முதல் வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமாகவும், அடுத்ததை வலப்பக்கமாகவும் மாற்றி மாற்றித் தேயுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் எதிரெதிரே வந்து கவ்விக்கொள்ளும். விரலால் தடவினாலே மூலை நேராகச் சேர்ந்ததா என்று தெரியும்.

சதுரம் வெட்ட முடியாத ஒடுக்கமான துண்டுகள்தான் அதிகம் இருக்கின்றனவா? அப்படியென்றால் அடித்துணி முறை. பழைய விரிப்பில் 44 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டுங்கள். அதன் நடுவில் குறுக்காக ஒரு துண்டை நல்ல பக்கம் மேலே தெரிய வையுங்கள். இரண்டாவது துண்டை அதன்மேல் கவிழ்த்து, ஓரத்தோடு ஓரம் வைத்து, அடித்துணியோடு சேர்த்துத் தையுங்கள். புரட்டித் தேயுங்கள். இப்போது அதன் அடுத்த ஓரத்தில் மூன்றாவது. இப்படியே இரண்டு பக்கமும் மூலைவரை போய், கடைசியில் 42 × 42 ஆக நறுக்கிவிடுங்கள். துண்டுகள் கோணலாக இருந்தால் இன்னும் நன்றாகவே இருக்கும். தேய்ந்து மெலிந்த துணியும் அடித்துணியின் பலத்தில் நிற்கும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். அளவெடுக்கும் தொல்லை பாதி குறையும்.

முடிப்பது: பின்பக்கத் துண்டுகளில் தலா ஒரு 42 செ.மீ. ஓரத்தை 1 செ.மீ. மடித்து, மறுபடி 2 செ.மீ. மடித்துத் தையுங்கள். முன்பக்கத்தை நல்ல பக்கம் மேலே வைத்து விரித்து, பின்பக்கத் துண்டுகளைக் கவிழ்த்து, மடித்த ஓரங்கள் நடுவில் ஏறி நிற்கும்படி வையுங்கள். சுற்றிலும் 1 செ.மீ. தள்ளித் தையல். இரண்டு துண்டும் ஏறி நிற்கும் இடத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டுங்கள், குஷனை நுழைக்கும்போது முதலில் பிரிவது அங்கேதான். ஓரத்தை ஜிக்ஜாகோ ஓவர்லாக்கோ செய்துவிடுங்கள். கையால் தைப்பவர்கள் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தைத்தால் போதும். மூலைகளைத் தையலை வெட்டாமல் நறுக்கி, புரட்டி, தேயுங்கள்.

இயந்திரத்தில் வெறும் உறை ஓரிரு மணி நேரம். துண்டு இணைத்தது அரை நாள். கையால் என்றால் மூன்று நான்கு மாலைப்பொழுது.

7. மிதியடி: துணி எவ்வளவு குடிக்கும் என்று முதலில் பாருங்கள்

சடை பின்னி, சுருட்டி, தைத்த மிதியடி. இதற்கு இயந்திரமே வேண்டாம். ஆனால் பாதியில் நின்ற மிதியடிகள் எக்கச்சக்கம். காரணம், துணி போதாமல் போவது.

75 × 45 செ.மீ. நீள்வட்ட மிதியடி என்று வைத்துக்கொள்வோம். பரப்பு ஏறக்குறைய 2,940 சதுர செ.மீ. சடை இரண்டரை செ.மீ. அகலம் என்றால் 12 மீட்டர் சடை வேண்டும். பின்னும்போது நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆகவே ஒவ்வொரு புரியும் 18 மீட்டர். மூன்று புரிக்கு 54 மீட்டர். 5 செ.மீ. அகலப் பட்டையாக இது சுமார் 2.7 சதுர மீட்டர் துணி. ஒற்றைக் கட்டில் விரிப்பில் பெரும்பகுதி இதற்கே போய்விடும்.

பருத்தி நெசவுத் துணியைக் கத்தரியால் வெட்ட வேண்டியதில்லை. ஓரத்தில் ஒரு வெட்டு கொடுத்துக் கிழித்தால் நூலோட்டத்திலேயே நேராகக் கிழியும். வாசலிலோ பால்கனியிலோ நின்று, மூக்கை மூடிக்கொண்டு கிழியுங்கள். பஞ்சுத் தூசி நிறையப் பறக்கும். பட்டைகளை இணைக்க முடிச்சு போடாதீர்கள், காலில் உறுத்தும். இரண்டு பட்டையின் நுனியிலும் சின்னத் துளை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேல்பட்டையின் மறுநுனியை அடியிலிருந்து இரண்டு துளை வழியாகவும் மேலே கோத்து இழுத்தால் பூட்டிக்கொள்ளும். மூன்று புரியையும் வெவ்வேறு நீளத்தில் தொடங்குங்கள். இல்லையென்றால் மூன்று இணைப்பும் ஒரே இடத்தில் வந்து புடைக்கும்.

நடுவில் முதலில் நேராக வைக்கும் சடையின் நீளம், மிதியடியின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தது: 75-இல் 45 போக 30 செ.மீ. அதைச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். தடித்த நூலால் சடைகளின் கண்ணிகளுக்குள் மாறி மாறிக் கோத்துத் தையுங்கள்.

மடியில் வைத்துத் தைக்காமல் மேசையிலோ தரையிலோ விரித்து வைத்தே தையுங்கள். வளைவில் வெளிச் சடைக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அதனால் வளைவு வரும்போது வெளிச் சடையில் அவ்வப்போது ஒரு கண்ணியைத் தாண்டிக் கோக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் மிதியடி கிண்ணம் மாதிரி குழிந்துவிடும்; அளவுக்கு மீறித் தளர்த்தினால் ஓரம் அலை அலையாகும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எழுந்து நின்று பாருங்கள். குழிவு தெரிந்தால் அந்தச் சுற்றை உடனே பிரித்துவிடுங்கள். மேலே சுற்றினால் சரியாகிவிடும் என்பது நடக்காது.

அடியில் வழுக்காத ரப்பர் வலை கட்டாயம் வேண்டும். மிச்சத்துக்காக இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், ஈரத் தரையில் துணி மிதியடி சறுக்கும். நனைந்தால் நல்ல கனம் ஏறும், காயவும் நேரம் எடுக்கும். உங்களால் பிழிய முடிகிற அளவுக்கு மேல் பெரிதாகச் செய்ய வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரம் பிடிக்கலாம்.

8. சுவருக்கும் விளக்குக்கும்

சுவருக்குச் சுலபம். பழைய படச்சட்டத்தில் துணியை இழுத்துப் பிடித்து, பின்னால் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிடுங்கள். பசை வேண்டாம், சலிக்கும்போது துணியை மாற்றிக்கொள்ளலாம். நேர் வெயில் விழும் சுவரைத் தவிருங்கள், எந்தச் சாயமும் வெயிலில் வெளிறும்.

விளக்கின்மேல் துணியைப் போர்த்துவது அழகாக இருக்கலாம், ஆனால் செய்யாதீர்கள். பருத்தி பற்றிக்கொள்ளும், பாலியஸ்டர் உருகி ஒழுகும். அடுப்பு, மெழுகுவர்த்தி, ஹீட்டர் பக்கத்தில் துணித் தோரணமும் வேண்டாம்.

9. மிச்சத்திலும் மிச்சம்

தேய்ந்த துணி, நறுக்கிய ஓரம், நூல் பிசிறு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாருங்கள். இரண்டு செ.மீ. அளவில் பொடியாக நறுக்கினால் அடைப்பாகும். பெரிதாக விட்டால் கட்டி கட்டியாகத் தட்டுப்படும். பஞ்சைவிடத் துணி அடைப்பு கனம் அதிகம், அதனால் தலையணைக்கு ஆகாது. தரையில் போட்டு உட்காரும் திண்டு, கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கும் பை, கதவடி இடுக்கை மறைக்கும் நீள உருளை இவற்றுக்குக் கனம்தான் வசதி.

அடைக்கும் முன் ஒரு துளி ஈரமும் இருக்கக் கூடாது, உள்ளே பூஞ்சை பிடிக்கும். பட்டனும் ஜிப்பும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பை நேராக மேலுறையில் கொட்டாமல் ஒரு உள்பையில் போட்டுத் தைத்துவிட்டால், மேலுறையை மட்டும் கழற்றிக் கழுவலாம். கம்பளித் துண்டு கலப்பதாக இருந்தால் சுத்தமாகக் கழுவிக் காய்ந்ததை மட்டும் போடுங்கள். அழுக்கும் வியர்வையும் உள்ள கம்பளியைத்தான் அந்துப்பூச்சி முதலில் தேடி வரும்.

10. பயன்பாட்டுக்கு வந்த பிறகு

முதல் சலவையைத் தனியாகச் செய்யுங்கள். உறையை உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, நிழலில் உலர்த்துங்கள். பல துணி சேர்ந்த பொருளுக்குச் சலவைச் சூடு எது? சேர்ந்திருப்பதிலேயே எது குறைவாகத் தாங்குமோ அதன் அளவு. நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு துணியிலும் உள்ளங்கையளவு ஒரு துண்டை ஒட்டுப்போட எடுத்து வையுங்கள். தனியாக டப்பாவில் போடாமல், பழைய உறை கழுவப் போகும்போதெல்லாம் அதையும் கூடவே கழுவிவிடுங்கள். இரண்டும் ஒன்றாக வெளிறினால்தான், ஒரு வருடம் கழித்துப் போடும் ஒட்டு பளிச்சென்று தனியாகத் தெரியாது.